நிழல் விழாத கோபுரமும் சரித்திர வாத்தியாரும்

ரயில் வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "தங்களுக்கு என்ன உத்தியோகம்?" என்று நம்மைக் கேட்கிறார். "உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர்" என்கிறோம். அவருடைய முகம் சற்றே மலர்கிறது. தம்முடைய பையனுக்குக் கணக்கு டியூஷனுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஓடுவது நமக்கு நன்றாகத் தெரிகிறது. "என்ன பாடம்?" என்று அடுத்தபடியாகக் கேட்கிறார். "சரித்திரம்" என்றதும் மலர்ந்த முகம் கூம்பிவிடுகிறது. "ஓஹோ! அசோகர் மரம் நட்டார், அதுதானே?" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைக் கையில் எடுத்துக்கொள்கிறார். சம்பாஷணை அத்துடன் முற்றுப்பெறுகிறது.

இருபது வருஷங்களுக்கு மேலாக இந்த அனுபவத்தை அடைந்து வருகிறோம். ஆரம்பத்தில் கோபம் வந்தது உண்டு, இப்போது வருவதில்லை. அந்த மனிதர் மீது குற்றம் ஒன்றும் இல்லை. அசோகர் மரம் நட்டார் என்று அவருக்கு யாரோ ஓர் உபாத்தியாயர் சொல்லிக் கொடுத்தார். அவர் நட்டது நமக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை. மனிதருக்கும் மிருகங்களுக்கும் நிழல் வேண்டுமென்று சாலையோரத்தில் ஆலமரம் வைத்த செய்தியை அசோகர் கல்தூணில் வெட்டி வைத்தார். பிறகு அந்த எழுத்தை வாசிக்கவே ஆள் இல்லாமற் போயிற்று. எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்து, கல்கத்தா நாணயசாலையில் உலோகத்தை உரைத்துப் பார்க்கும் வேலையில் இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பவர் இரவும் பகலும் மல்லாடி 1837-ல் அந்தப் பிராமி எழுத்தை வாசித்தார். அதன் பிறகே மரம் நட்ட செய்தி வெளியே வந்தது. மரத்தை மட்டும் காட்டி, அதைக் கண்டுபிடித்த கதையை மறைத்துவிட்டால், பையன் தூங்காமல் என்ன செய்வான்?

பிறரைக் குறை சொல்லுவதற்கு முன்பு நம்முடைய குற்றத்தையும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். உத்தியோகத்தில் அமர்ந்து முதல் பன்னிரண்டு வருஷ காலம் நாமும் அந்த மாதிரி உபாத்தியாயராகவே இருந்தோம். பாடம் சுவாரஸ்யமாக இருக்கும் என்று நாலு பேர் புகழ்ந்ததும் உண்டு. அந்தச் சுவாரஸ்யமே நமக்கு வினையாக முடிந்தது.

நம்முடைய பள்ளிக்கூடம் காவிரிப் பாசனத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனோம். காலை பத்தரை மணி இருக்கும். தை மாதமானாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. பிராகாரத்தின் வடமேற்கு மூலையில், சுப்பிரமணியர் சந்நிதிக்குச் சமீபமாக நல்ல நிழல் இருக்கவே, பிள்ளைகளை அங்கே கூட்டி நிறுத்திவிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்தோம். 1010-ஆம் ஆண்டு, ராஜராஜ சோழன், வானளாவும் விமானம் - ஊரார் கோபுரம் என்று சொல்லுவது சாஸ்திரப்படி விமானம் - என்று அடுக்கிக்கொண்டே போய், வருஷந்தோறும் கைதட்டல் வாங்கித் தரும் அந்த வாக்கியத்துக்கு வந்து சேர்ந்தோம்.

"குழந்தைகளே! இந்த விமானத்தின் நிழல் தரையிலே விழுவதில்லை. அப்பேர்ப்பட்ட சிற்ப சாமர்த்தியம் நம் முன்னோர்களுக்கு இருந்தது!"

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். வகுப்பிலே அதிகம் பேசாத ஒரு பெண் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "ஸார், அப்படியானால் நாம் இப்போது எதன் நிழலில் நின்றுகொண்டிருக்கிறோம்?" என்று கேட்டாள்.

நாமும் தரையைப் பார்த்தோம். மறுபடி விமானத்தைப் பார்த்தோம். சூரியன் தென்கிழக்கே, விமானத்துக்கு அப்பால் இருந்தான். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய சரித்திர உபாத்தியாயரும் ராஜராஜேசுவரத்து விமானத்தின் நிழலில் சௌக்கியமாக நின்றுகொண்டு, அந்த நிழல் விழுவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம்!

இப்படிப்பட்ட சமயத்தில் உபாத்தியாயருக்கு உள்ள உபாயங்கள் நேயர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதிகப்பிரசங்கி என்று அதட்டலாம். அல்லது கேளாதவர் போல நந்தியிடம் போய்விடலாம். நாம் இன்னும் கொஞ்சம் நாகரிகமான வழியைப் பிடித்தோம். "நாம் சொன்னது உச்சி வேளையை, அம்மா. உச்சிப் பொழுதில் விழாது" என்றோம். அந்தப் பெண் விகற்பமில்லாமல், "அப்படியானால் உச்சி வேளை வரையில் இருந்து பார்த்துவிட்டுப் போவோமா, ஸார்?" என்றாள்.

அரண்மனைக் கலைக்கூடமும் சரஸ்வதி மஹாலும் அன்றைக்கு நிகழ்ச்சி நிரலில் இருந்தன. இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு எல்லோரும் காத்திருந்தோம். பன்னிரண்டு மணியும் கடந்தது. தை மாதத்துச் சூரியன் தென்திசையில் சாய்ந்து போகிறவன் அல்லவா? நிழல் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. அதிஷ்டானத்தைத் தாண்டி வடக்கே பிராகாரத்துத் தரையில் பளிச்சென்று விழுந்து கிடந்தது. பையன்கள் அதைக் காலால் எட்டு வைத்து அளந்தார்கள். இருபதுக்கு மேல் அவர்கள் எண்ணியபோது நாம் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான்.

ஊருக்குத் திரும்பியதும் விஞ்ஞான உபாத்தியாயரான நண்பர் விளக்கம் சொன்னார். தஞ்சாவூரில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவை: ஏப்ரல் மாதத்து மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்டுக் கடைசி வாரத்தில் ஒரு முறை. அந்த நாட்களை ஒட்டி மட்டும் உச்சி வேளையில் நிழல் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அடி அகன்று நுனி குறுகிய எந்தக் கட்டடத்துக்கும் அப்படித்தான். அந்நாட்களில் பார்த்த யாரோ ஒருவர் சொன்ன சொல்லே வளர்ந்து வளர்ந்து நம்மிடம் வந்து சேர்ந்ததோ என்னவோ!

அன்று இரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவமானம் ஒரு காரணம். அது இரண்டு நாளில் மறைந்துவிடும். மறையாத சங்கடம் வேறொன்று இருந்தது. நிழல் விழாது என்பதை நாம் எங்கே படித்தோம் என்று யோசித்துப் பார்த்தோம். எங்கும் படிக்கவில்லை. எட்டு வயதில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தோம். பி.ஏ.யும் எம்.ஏ.யும் அந்த எட்டு வயதுச் செய்தியைத் தொடவே இல்லை. சர்வகலாசாலையில் நாம் எழுதிய விடைத்தாள்கள் எத்தனை! ஆனால் ஒரு வாக்கியத்தைக் கையில் எடுத்து, "இது எப்படித் தெரியும்?" என்று கேட்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் வந்து ஒட்டவில்லை. பன்னிரண்டு வருஷமாக, வருஷத்துக்கு நூறு பிள்ளைகள் வீதம், இந்தப் பொய்யை நம்முடைய வாயாலேயே பரப்பியிருக்கிறோம். இன்னும் எத்தனை பொய்கள் இப்படி நம் வாயிலிருந்து புறப்பட்டிருக்கும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பயத்துக்கு மருந்தாகத்தான் முதன்முதலில் கல்வெட்டுத் தொகுதிகளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தோம். முப்பத்தாறாவது வயதில், மாவட்ட நூலகத்தில் ஒரு பழைய நாற்காலியில், நாம் மறுபடியும் மாணாக்கன் ஆனோம்.

ராஜராஜன் கட்டினான் என்று இவ்வளவு காலமாகச் சொல்லி வந்தோமே, அதுவாவது எப்படித் தெரியும் என்று பார்த்தால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கோயிலின் ஸ்தல மாகாத்மியம் கரிகால சோழனையே கட்டியவனாகச் சொல்லுகிறது. 1886-ல் சென்னை அரசாங்கத்தார் சாசன ஆராய்ச்சிக்கென்று நியமித்த ஹூல்ஷ் என்ற ஜெர்மானியப் பண்டிதர், சுவர்களில் உள்ள எழுத்தைப் படியெடுத்து வாசித்து வெளியிட்டார். அதில் மன்னனே பேசுகிறான். தான் எடுப்பித்த கற்கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டும்படி உத்தரவு செய்கிறான். எண்ணூறு வருஷங்களுக்கு மேலாக அந்த எழுத்து அதே சுவரில்தான் இருந்தது. தினந்தோறும் ஜனங்கள் அதைக் கடந்து போய்க் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாமும் பன்னிரண்டு தடவை கடந்து போயிருக்கிறோம்.

அந்தச் சாசனங்களில் ஒன்று நம்மை ஆட்கொண்டுவிட்டது. கோயில் பணிக்காகச் சோழ நாட்டின் பல ஊர்த் தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றிய நானூறு பெண்களின் பட்டியல் அது. ஒவ்வொருத்திக்கும் பெயர் இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில் என்று இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு என்றுகூட இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அவர்களுக்குப் பின்னால் நட்டுவர், பாடுவார், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நிழல் விழாத அதிசயத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தோமே, உண்மையான அதிசயம் கைக்கெட்டும் உயரத்தில் சுவரிலே இருந்ததை அறியாமல்! ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு நடனப் பெண் மூன்றாவது வீட்டில் குடியிருந்தாளா நான்காவது வீட்டில் குடியிருந்தாளா என்பது நமக்குத் தெரியும் என்றால், அதைவிட வேறு என்ன அதிசயம் வேண்டும்?

இந்தச் சமயத்தில் மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய வாழ்க்கையில் 1880-ஆம் ஆண்டு நடந்த சம்பவம் தமிழ் நேயர்கள் அறிந்ததே. அவ்வாண்டு பிப்ரவரியில் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தார்; வயது இருபத்தைந்து. எட்டு மாதம் கழித்து அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதிகள், கோவைகள், புராணங்கள் எல்லாவற்றையும் அடுக்கிச் சொன்னார். அவற்றுக்கு முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டார்; சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். ஐயரவர்கள் படித்ததில்லை. சிந்தாமணி ஏட்டைக் கையில் எடுத்ததும் பொருள் விளங்காமல், கும்பகோணத்து ஜைனர்களின் வீட்டுக்குச் சென்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. காலேஜில் பாடம் சொல்லும் பண்டிதர், மாலை வேளையில் வேறு மதத்தாரின் வீட்டில் மாணாக்கராக உட்கார்ந்திருந்தார் என்பது நமக்கு எப்பொழுதும் தெம்பு கொடுக்கும் செய்தி. அவரை எதிர்ப்பட்டது ஒரு முன்சீப். நம்மை எதிர்ப்பட்டது ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண். அவரவர் தகுதிக்குத் தக்கபடி!

தஞ்சாவூருக்குப் பிறகு நம்முடைய வகுப்பிலே ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. நாம் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும், ஸார்?" என்று கேட்கப் பிள்ளைகளுக்குப் பாத்தியதை உண்டு. பதில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருக்கும் ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் கையாலேயே எழுதச் சொல்லுவோம். முதல் மாதத்தில் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகக் கருதி, நாம் மூச்சு விட்டாலும் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அந்த உற்சாகம் தணிந்த பிறகு நல்ல கேள்விகள் வர ஆரம்பித்தன.

உத்தரமேரூர்ச் சாசனப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பெருமை பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் பேசுகிறவர்களில் எத்தனை பேர் சாசனத்தை முழுவதும் படித்திருக்கிறார்கள்? நம்முடைய பிள்ளைகள் அதை வகுப்பில் நடித்தார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு குடம் இரவல் வாங்கினோம். ஊரில் உள்ள பலவகை மனிதர்களை முப்பத்தெட்டுச் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டபோது வகுப்பு முழுவதும் ஆரவாரம் செய்தது. "இந்தச் சட்டம் இப்போது உண்டா, ஸார்?" என்று ஒருவன் கேட்டான். அது குடிமையியல் பாடத்தில் வரும் என்று நழுவிவிட்டோம்.

நிபந்தனைகளை எல்லாம் வாசித்து முடித்தபோது குடத்துக்குள் போகத் தகுதியான சீட்டுகள் மூன்றே மூன்று. பெண்பிள்ளைகள் கையில் இருந்த சீட்டு ஒன்றுகூட இல்லை. உழவர், குயவர், தச்சர், கூலியாள் எல்லோரும் வெளியே நின்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு, சாசனத்தில் சொல்லியபடியே, ஓலை எடுக்கச் சொன்னோம். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கைக்குள் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்று விதி இருப்பதைப் படித்தபோது, வெளியே நின்ற பிள்ளைகளும் வியந்துபோனார்கள். நேர்மைக்கு இவ்வளவு நுட்பமான ஏற்பாடு. கூடவே இவ்வளவு பேருக்கு இடமில்லை. இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன. வேதத்தில் ஒன்றும் பாஷ்யத்தில் ஒன்றும் வல்லவனானால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகை இருக்கிறது. "அப்படியானால் படிப்புக்கு அரைக்கால் வேலி மதிப்பு!" என்று ஒரு பையன் கணக்குப் போட்டான். வேறொருவன், 919-ல் வெட்டிய முதல் சாசனத்தில் வயது முப்பது முதல் அறுபது என்று இருக்கிறதே, இரண்டே வருஷத்தில், 921-ல், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டான். முதல் ஏற்பாட்டில் ஏதோ குறை கண்டிருக்கிறார்கள். இளைஞர்களோடு சண்டையா, கிழவர்கள் விட்டுக்கொடுக்கவில்லையா? கேள்வி நீள நோட்டுக்குப் போயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த பிரமுகர் ஒருவர் இந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு மனவருத்தம் கொண்டார். "நம் தேசத்தின் பெருமையை இளம்பிள்ளைகளுக்குக் குறைத்துக் காட்டலாமா?" என்று கேட்டார். நல்ல மனிதர், உண்மையான தேசாபிமானி. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்லுகிறோம். நம்முடைய தாயாரின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தால், அது இல்லை என்று பிறரிடம் சாதிப்பதா அன்பு? நிழல் விழாத கோபுரத்தைக் கட்டினோம் என்று ஒரு பிள்ளையை நம்ப வைத்துவிட்டால், என்றைக்காவது ஒரு நாள் நிழலைக் கண்ணால் பார்க்கும்போது அவன் கோபுரத்தையே பொய் என்று நினைத்துவிடுவான். அவர் முழுவதும் சமாதானம் அடையவில்லை. போகும்போது மட்டும், உள்ளங்கையில் ஓலை வாங்கும் விதி எந்தச் சாசனத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்.

சரித்திரம் என்றால் ராஜாக்களும் சாசனமும் மட்டுமல்லவே. ஒரு முறை, வீட்டிலுள்ள மிகப் பழைய காகிதத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னோம். கிஸ்து ரசீது, கலியாணப் பத்திரிகை, பர்மாவிலிருந்து வந்த தபால், பாகப் பிரிவினைப் பத்திரம் என்று வந்து குவிந்தன. ஒரு பெண் வெறுங்கையோடு வந்தாள். "எங்கள் வீட்டில் காகிதம் ஒன்றும் இல்லை, ஸார்" என்றாள்.

நாம் அதை யோசித்திருக்கவே இல்லை. நிலம் இல்லாத வீட்டில் பத்திரம் ஏது? படிக்காதவர்களுக்குத் தபால் ஏது? காகிதம் இல்லாத வீட்டுக்குச் சரித்திரமும் இல்லை என்று அந்தக் குழந்தையின் மனத்தில் பதியும்படி, நல்ல எண்ணத்தோடுதான், ஒரு காரியம் செய்துவிட்டோம். அவளை அருகில் அழைத்து, "வீட்டில் மிகவும் வயதானவர் யார், அம்மா?" என்று கேட்டோம். பாட்டி இருக்கிறாள் என்றாள். பாட்டியின் வார்த்தையைக் கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினோம்.

மறுவாரம் அண்டை வீட்டுக் கைபேசியில் பாட்டியின் குரல் வகுப்புக்கு வந்தது. சிறுமியாய் இருந்தபோது அடித்த ஒரு புயலைப் பற்றிச் சொன்னாள். கார்த்திகை மாதம், கூரை பறந்துவிட்டது, தூளியில் கிடந்த தம்பியை அம்மா வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டிலில் படுத்திருந்தாள். எந்த வருஷம் என்று பாட்டிக்குத் தெரியாது. பிள்ளைகள் துப்பறிய ஆரம்பித்தார்கள். தஞ்சை ஜில்லாவைக் கார்த்திகையில் தாக்கிய பெரும்புயல்கள் இரண்டு அகப்பட்டன: 1952-ல் நாகப்பட்டினத்தில் ஒன்று, 1955-ல் ராஜாமடத்தை ஒட்டி ஒன்று. இரண்டில் எது? தம்பியின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தால் தெரியும் என்றான் ஒருவன். அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் பிறந்த தேதியைத் தாமாகவே போட்டுவிடுவார்கள், அதை நம்பக் கூடாது என்றான் இன்னொருவன். (இதைக் கேட்டபோது நாம் அடைந்த ஆனந்தத்தை என்னவென்று சொல்லுவோம்!) கடைசியில் அந்தப் பெண்ணே வழி கண்டுபிடித்தாள். "அந்த வருஷத்தில் வேறு என்ன நடந்தது, பாட்டி?" என்று கேட்டாள். "என் அப்பா முதல் முதலாக ஓட்டுப் போடப் போனாரே, அந்த வருஷந்தான்" என்றாள் பாட்டி. எல்லோருக்கும் ஓட்டு என்ற முதல் பொதுத் தேர்தல் நம் ராஜதானியில் நடந்தது 1952 ஜனவரியில். விடை கிடைத்துவிட்டது. காகிதம் இல்லாத வீட்டிலிருந்து அந்த வருஷத்தின் சிறந்த சரித்திரம் வந்தது.

"இதெல்லாம் சரி, பரீட்சைக்கு என்ன செய்கிறீர்கள்?" என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. ஒரு மாணாக்கனின் தந்தை இதைவிட நயமாகக் கேட்டார்: "நீங்கள் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், பரீட்சையில் பதில் அல்லவா எழுத வேண்டும்?" நியாயமான ஆக்ஷேபணை. இக்காலத்தில் சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் நான்கும் சமூக அறிவியல் என்ற கூட்டுக் குடும்பத்தில் வாழ்கின்றன. பத்தாம் வகுப்பு அரசாங்கப் பரீட்சையில் நான்குக்கும் சேர்த்து நூறு மார்க்கு. ஆகையால் நம் வகுப்பிலும் நெட்டுருப் போடுவது உண்டு. அதில் நமக்கு வெட்கம் இல்லை. நெட்டுரு என்றால் முகம் சுளிக்கும் நவீனக் கல்விமான்களோடு நாம் ஒத்துப்போவதில்லை. நன்னூலை மனப்பாடம் பண்ணிய பரம்பரை அல்லவா நாம்? வேலூர்ச் சிப்பாய்கள் எழுந்தது 1806, வடக்கே எழுந்தது 1857 என்ற இரண்டு ஆணிகள் சுவரில் அடித்திருந்தால்தான், "ஐம்பது வருஷம் முந்தியே இங்கே ஏன் எழுந்தார்கள்?" என்ற கேள்வியை மாட்ட இடம் கிடைக்கும். ஆணியே படமாகிவிடாது, அவ்வளவுதான் விஷயம்.

எப்படித் தெரியும் என்ற கேள்வி வெறும் பள்ளிக்கூட விளையாட்டு அல்ல என்பதற்கு நாம் எப்பொழுதும் நினைவில் வைத்திருக்கும் ஒருவர் உண்டு. மார்க் பிளாக் என்ற பிரெஞ்சுக்காரர் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற சரித்திராசிரியர். இளமையில் நம்மைப்போல் உயர்நிலைப் பள்ளி வாத்தியார். 1914 ஜூலையில், ஆமியான் என்னும் ஊரின் பள்ளியில், பரிசளிப்பு விழாவில் பேசினார். விழாக்களில் வழக்கமாகப் பேசும் வீரம் தியாகம் ஒன்றையும் பற்றி அவர் பேசவில்லை. சாட்சி சொல்லுகிறவன் பேச்சை எவ்வளவு தூரம் நம்புவது, எப்படிச் சோதிப்பது என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். அடுத்த மாதமே மகாயுத்தம் மூண்டது. யுத்த களத்தில் வதந்திகள் பிறந்து பரவும் விதத்தைக் கூடவே இருந்து பார்த்து, 1921-ல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மானியருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, 1944 ஜூன் 16-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் முடிக்காமல் விட்டுப்போன புத்தகம், சரித்திரத்தால் என்ன பிரயோஜனம் என்று ஒரு சிறுவன் தந்தையைக் கேட்பதில்தான் தொடங்குகிறது. வாட்ஸ்அப்பில் காலை எழுந்ததும் வந்து விழும் சரித்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பரிசளிப்பு விழாவின் ஞாபகம் நமக்கு வருகிறது.

சென்ற வருஷம் தஞ்சாவூர் பஸ்ஸில் நம்முடைய பழைய மாணாக்கன் ஒருவனைச் சந்தித்தோம். மனைவியோடும் ஐந்து வயதுப் பையனோடும் பெரிய கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தான். எழுந்து நின்று வணங்கி, நமக்கு இடம் கொடுத்தான். பிறகு மகனைப் பார்த்து, "இந்தத் தாத்தாதான் அப்பாவுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். அந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று சொன்னேனே, இவர் சொன்னதுதான்" என்றான். நாற்பத்தைந்தாவது வயதில் நம்மைத் தாத்தா என்றதுகூட அவ்வளவாக உறைக்கவில்லை. "தம்பி, அது தவறு. நாம் தவறாகச் சொல்லிவிட்டோம். நிழல் விழுகிறது, நீயே போய்ப் பார்" என்றோம். அவன் சிரித்தான். "நீங்கள் அடக்கத்துக்குச் சொல்லுகிறீர்கள், ஸார். அன்றைக்கு நீங்கள் சொன்ன விதம் இன்னும் என் மனத்தில் அப்படியே நிற்கிறது" என்றான். பஸ் நிறுத்தத்தில் இறங்கி, பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தில் மறைந்துவிட்டான். பையன் கோபுரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு போனான்.

நிழலைப் பற்றிக் கேட்ட பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்; சரித்திரம் அல்ல, கணக்கு. சென்ற பொங்கலுக்கு வந்து நம்மைப் பார்த்தபோது, அந்த நீள நோட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் புரட்டினாள். நானூறு பெண்களின் பட்டியலைப் பற்றி வகுப்பில் பேசிய நாளில் அவள் எழுதிய கேள்வி இன்னும் பதில் இல்லாமல் அங்கே இருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதெல்லாம் கல்வெட்டில் இருக்கிறது. ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவள் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதுகூட இருக்கிறது. அதற்குக் கீழே, ஒன்பதாம் வகுப்பு எழுத்தில், அவள் எழுதியிருக்கிறாள்: "அவர்களில் யாருக்காவது தஞ்சாவூருக்கு வர இஷ்டமில்லாமல் இருந்ததா?"